எட்டாவது தடத்தில் விழுந்த கோடு

இது எனக்கே நடந்தது. நம்பாதவர்களுக்குக் காட்ட அந்தப் படத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் டார்லின். பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் புற்றுநோய்க் கட்டிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன். செல்லுக்குள் சுருண்டு கிடக்கும் டிஎன்ஏவைத் தளர்த்திவிட ஒரு புரதம் உண்டு. சில கட்டிகளில் அது காணாமல் போய்விடும். அதைக் கண்டுபிடிக்க ஓர் ஆன்டிபாடி வைத்திருக்கிறோம். முயல் ரத்தத்திலிருந்து எடுப்பது. புரதம் இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் கறுப்புக் கோடு விழும். இல்லாவிட்டால் ஒன்றும் விழாது.

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை. வெளியே அடைமழை. உள்ளே நான் மட்டும். ஏழு நோயாளிகளின் கட்டியிலிருந்து எடுத்த சாறு, ஒரு மெல்லிய தாளில் பக்கம் பக்கமாக ஏழு தடங்கள். எங்களுக்குப் பெயர் தெரியாது, எண் மட்டும்தான். எட்டாவது தடத்தில் வெறும் உப்புக் கரைசல். அதில் கோடு விழவே கூடாது.

மாலை 5.40. தாள் கிடந்த தட்டில் ஆன்டிபாடியை ஊற்றி, ஆட்டும் மெஷினில் வைத்தேன். டக்... டக்...

6.12. சத்தம் நின்றது. மெஷின் அணைந்திருந்தது. தட்டு மட்டும்... ஆடிக்கொண்டிருந்தது.

பழுது என்று நினைத்துக்கொண்டு மற்ற வேலைகளை முடித்தேன். 7.50-க்குப் படம் எடுத்தேன்.

ஏழாவது தடம் வெறுமை. எட்டாவதில்... கறுப்புக் கோடு.

பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள்.

வாசலில் ஓர் அம்மாள். ஐம்பது வயதிருக்கும். அந்த மழையிலும் சேலை நனையவில்லை.

"ஏழாம் நம்பர் என்னுதுதாம்மா. நான் தாரேன்னு சொல்லலியே."

கண்ணை மூடி ஜெபித்தேன்.

திறந்தபோது யாருமில்லை.

கதவு உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. சாவி என் பையில்.

திங்கட்கிழமை, கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் கலையரசி அக்காவிடம் சொன்னேன். சாறு பக்கத்துத் தடத்தில் சிந்தியிருக்கும் என்றாள். நான் விடவில்லை. கட்டியை ஆராய்ச்சிக்குத் தர ஏழாம் எண் கொடுத்த சம்மதக் கடிதத்தை எடுத்தாள். வடிவம்மாள், 52, சேரன்மகாதேவி. கைநாட்டு. அக்டோபர் 13, காலை 10.15.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து விசாரித்தாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது.

"பைய பேசு, டார்லின். யார்ட்டயும் சொல்லாத."

நான் சொன்னேன். ஆய்வகத் தலைமைக்கு எழுதியும் கொடுத்தேன். இன்றுவரை பதில் இல்லை.

வடிவம்மாள் ஆபரேஷன் முடிந்து அக்டோபர் 12 இரவு இறந்துவிட்டார்.

13-ஆம் தேதி காலை 10.15-க்கு, அவர் பிணவறையில் இருந்தார்.