அது வந்துச்சின்னா போதும்: ஒரு வினைமுற்றுக்காக உத்திரமேரூர் வரை

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் குடவோலைக் கல்வெட்டைப் பார்க்கத்தான் போகிறார்கள். நான் போனது ஒரு வாய்ஸ் மெசேஜுக்காக. போன மாசியில், ஒரு சனிக்கிழமை.

தங்கை ரேவதிக்கும் அவளோடு வேலை பார்க்கும் சதீஷுக்கும் கல்யாணம் பேசியிருந்தோம். எங்களுக்குத் திருநெல்வேலிப் பக்கம். சதீஷ் வீடு உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனம். விவசாயக் குடும்பம், வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். சீர் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, சதீஷின் அம்மா பத்மா அனுப்பிய பதில் இதுதான்: "நாங்க இன்னா கேக்கப் போறோம்? அது வந்துச்சின்னா எங்களுக்குப் போதும்."

அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். "ஏட்டி, எது வரணுங்காவ? நகையா, காரா? வாய விட்டுக் கேக்காம 'அது'ங்காவ பாரு." ரேவதியைத்தான் சொன்னார்கள் என்று சதீஷ் விளக்கினான். கட்டிக்கொள்ளப் போகிறவன் வேறென்ன சொல்வான் என்று அம்மா தள்ளிவிட்டாள். நேரில் போய் விசாரித்து வா, 'அது' நகைதான் என்றால் நிச்சயத்தை நிறுத்திவிடுகிறேன் என்றாள். ரேவதி சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. சென்னையில் குடியிருக்கிற குற்றத்துக்காகத் தூது என் தலையில் விழுந்தது.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில், பத்து ரூபாய். அங்கிருந்து உத்திரமேரூர் முப்பது கிலோமீட்டர் சொச்சம். பேருந்தில் இருபத்தெட்டு ரூபாய் வாங்கினார்கள். சாலை பரவாயில்லை. இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே ஏரிக்கரை. பாதி வழியில் நடத்துநர் பின்னாலிருந்து கத்தினார்: "சாலவாக்கத்துக்கு டிக்கெட் எடுத்த அக்கா எறங்கிச்சா?" நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஆட்டோ பிடித்தேன், நூறு ரூபாய். "கல்வெட்டா மேடம்?" என்றார் ஓட்டுநர். இல்லை, திருப்புலிவனம் என்றேன். வழியில் அவருடைய போன் அடித்தது. பேசாமல் வைத்துவிட்டு, "எங்க வூட்ல. காலைலேர்ந்து கத்திக்கினே கீது" என்று மனைவியைப் பற்றிச் சலித்துக்கொண்டார்.

"வீட்டுல தெலுங்கா அண்ணே?"

"அய்ய, நாங்க தமிழ் ஆளுங்க மேடம். தெலுங்கு பேசுனா புரியும், அவ்ளோதான்."

கொஞ்சம் இலக்கணம், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் பெண் வந்தாள், பஸ் வந்தது. தெலுங்கில் அம்மாயி வச்சிந்தி, பஸ்ஸு வச்சிந்தி. இரண்டுக்கும் ஒரே முடிவு. ஆணுக்கு மட்டும்தான் வச்சாடு என்று தனி மரியாதை. வீட்டில் இதைப் பேசி வளர்ந்தவர்கள் தமிழ் பேசும்போது சொற்களை மாற்றிக்கொள்கிறார்கள். முடிவு மட்டும் கூடவே வந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுத் தமிழரும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கலாம். உறுதியாகச் சொல்ல மாட்டேன். தெலுங்கு வாடையே இல்லாத ஊர்களிலும் 'அக்கா வந்துச்சு' உண்டு. எங்கள் வீட்டில் கிடையாது, சிக்கல் அங்கேதான்.

பத்மா அத்தை நல்ல உயரம், படபடவென்று பேசுகிறவர். காபியைக் கையில் கொடுத்த பிறகுதான் விஷயத்தைச் சொல்லவிட்டார். கேட்டதும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ரேவதியத்தான் கண்ணு சொன்னேன்! பொண்ணு வந்துச்சின்னா போதாதா?"

எனக்குப் பெரிய நிம்மதி. வேலை முடிந்தது என்று நினைத்து, "அப்போ 'அவ வந்தா போதும்'னு அம்மாகிட்ட ஒரு தடவை சொல்லிடுங்க அத்தை" என்றேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "வூட்டுக்கு வரப்போற பொண்ண அவ, இவன்னு எப்டிமா சொல்றது? சண்ட போட்றவங்கதான் அப்டி பேசுவாங்கோ." பிறகு குரல் இறங்கியது. "சித்தூர்ல எங்க சொந்தக்காரங்க கீறாங்கோ. அங்க வாயத் தொறந்தா, அரவத் தெலுங்குன்னு சிரிக்கிறாங்கோ. இங்க என் தமிழும் தப்பா?"

தமிழ்நாட்டுத் தெலுங்கை ஆந்திராவில் அப்படித்தான் சொல்வார்களாம். எனக்குப் பாவமாக இருந்தது. அம்மாவுக்கு வேண்டிய மரியாதை இவருக்கு அவமரியாதை. இவருடைய மரியாதை அம்மாவுக்கு நகைக் கணக்கு. அம்மாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, ரேவதி வந்துச்சின்னா போதும். வேற ஒண்ணும் வாணாம்" என்றார் பத்மா அத்தை.

அம்மா, "ரேவதி என்ன சாமானா, வந்துச்சுங்கதுக்கு?" என்றாள்.

"சாமான்னா புடிக்கலைன்னு திருப்பிக் குடுத்துடலாமேம்மா. பொண்ணு வந்துச்சின்னா எங்களுதுதான்."

"யோசிச்சுச் சொல்லுதேன்" என்று அம்மா வைத்துவிட்டாள். அத்தை காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில குறிப்புகள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தால் திருப்புலிவனம் வழியிலேயே இருக்கிறது, ஆட்டோ செலவு மிச்சம். அங்குள்ள சிவன் கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். நான் மதியம் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். கல்வெட்டுக் கோயில் உத்திரமேரூர் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். தண்ணீரும் தொப்பியும் அவசியம். உங்கள் மனைவியைக் காட்டி யாராவது "அது இன்னா சாப்டும்?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள். இலக்கணம் கடனாகப் போய்வரும்போது மரியாதை எந்தப் பக்கம் இறங்கியது என்று விசாரித்த பிறகு சண்டை போடலாம்.

திரும்பும் பேருந்து செங்கல்பட்டை நெருங்கும்போது அம்மா அழைத்தாள்.

"அந்த மைனிகிட்ட சொல்லிரு." எங்கள் பக்கம் மைனி என்றால் அண்ணி, பத்மா அத்தையைத்தான் சொன்னாள்.

"என்னன்னும்மா?"

பேருந்துச் சத்தத்தில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"வரும்னு சொல்லு."