தப்புக்குக் கைத்தட்டல்

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தை ஒரு சுவர் இரண்டாகப் பிரித்திருந்தது. சுவருக்குள் பதித்தாற்போலப் பெரிய சலவை இயந்திரங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கதவு. அழுக்குப் பக்கத்தில் மூட்டையைப் பிரித்து உள்ளே திணிப்பார்கள். துவைத்து முடிந்ததும் சுத்தப் பக்கத்துக் கதவைத் திறந்து எடுப்பார்கள். அந்தப் பக்கம் ரத்தமும் சீழும், சில நாள் விரிப்போடு சுருண்டு வரும் ஊசியும். இந்தப் பக்கம் சூடு ஆறாத துணியின் வாசனை. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அழுக்குப் பக்கத்து ஆட்கள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் கொஞ்சம் இடம் தானாகக் காலியாகும்.

சுத்தப் பக்கத்தில் ஒரே வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள். பெரியவளுக்கு மடிப்பு மேசை. அவள் மடித்து அடுக்கிய விரிப்புகளைப் பார்த்தால் ஒரு பிசிறு இருக்காது. சின்னவளுக்கு இயந்திரம். பொத்தானைப் பார்க்காமலே விரல் போகும்.

வீட்டில் ராஜ்யம் பெரியவளுடையது. சின்னவளுக்குக் கல்யாணமாகி வெகுநாள் குழந்தை தங்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியவள் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சொல்வாள்: "எங்க சின்னவ மெஷின்ல துணி போட்டா சொன்ன நேரத்துக்கு வெளிய வந்துரும். வீட்டு விஷயத்துலதான் டெலிவரி லேட்டு." வந்தவர்கள் சிரிப்பார்கள். சின்னவளும் சிரிப்பாள். பிறகு மகள் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். பேச்சு நின்றுவிட்டது, ஆனால் அந்தச் சிரிப்பு சின்னவளின் தாடையில் அப்படியே இறுகிக் கிடந்தது. குழந்தைக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதும் பெரியவள்தான். "பெரியம்மா, பெரியம்மா" என்று அது அவள் முதுகிலேயே தொங்கும். அதையும் சின்னவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் பயிற்சி அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். நல்ல மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். "இங்க யாரும் யாருக்கும் மேல இல்ல. நாம எல்லாரும் சேர்ந்து கத்துக்கிற ஒரு குடும்பம்" என்றார். வாரம் ஒருவர் எல்லோர் முன்னாலும் ஒரு வேலையைச் செய்து காட்ட வேண்டும். நடுவில் யாரும் வாய் திறக்கக் கூடாது. தப்பு செய்தால் திட்டவும் கூடாது. எல்லோரும் கைதட்ட வேண்டும். "தப்புதான் நமக்குக் கிடைக்கிற பாடம். பாடத்துக்கு நன்றி சொல்ற மாதிரி தட்டுங்க."

முதல் வாரம் கூச்சத்தோடு தட்டினார்கள். இரண்டு மூன்று வாரத்தில் கை பழகிவிட்டது. கழிப்பறை வாசலில் ஒருத்தி வழுக்கினால் தட்டல். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொட்டினால் தட்டல். இஸ்திரி போடுகிறவள் விரலைச் சுட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தபோதும் தட்டினார்கள். அதிகாரிக்குக் 'கைதட்டு சார்' என்று பெயர் விழுந்தது. அவர் காதில் விழுந்தபோது பெருமையாகச் சிரித்தார்.

அப்புறம்தான் விஷயம் வந்தது. மடிப்பதற்கும் இயந்திரம் வரப்போகிறது. சுத்தப் பக்கத்தில் இனி சலவை இயந்திரம் ஓட்டத் தெரிந்தவர்கள் மட்டும். தெரியாதவர்கள் சுவருக்கு அந்தப் பக்கம். "யாரையும் வேலையை விட்டு அனுப்பல. கத்துக்க ஆளுக்கொரு ஜோடி தர்றேன்" என்று அதிகாரி சொல்லி, ஒரே வீடாயிற்றே என்று பெரியவளுக்குச் சின்னவளையே ஜோடி போட்டுவிட்டார்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பெரியவள் முதல்முறையாகச் சின்னவளின் கையைப் பிடித்தாள்.

"எனக்கு ரத்தம் பார்த்தா தலை சுத்தும்னு உனக்குத் தெரியும்ல. அந்தப் பக்கம் போனா நான் ஒரு வாரம் தாங்க மாட்டேன்."

"அதெல்லாம் போக மாட்டீங்கக்கா. நான் எதுக்கு இருக்கேன்?"

சின்னவள் ஒழுங்காகத்தான் சொல்லிக் கொடுத்தாள். எந்தத் துணிக்கு எவ்வளவு சூடு, எந்தப் பொத்தான் எப்போது, பூட்டை எப்படித் திருப்ப வேண்டும், எல்லாம். பெரியவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பழகினாள். தப்பாக அழுத்தினால் தானே தன் கையில் ஒரு அடி போட்டுக்கொள்வாள். வீட்டில் அடுப்படியிலும் சுவரில் விரலால் பொத்தான்களை அழுத்திப் பார்த்தாள். குரல் கூட இறங்கிப்போயிருந்தது. அது சின்னவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்று தெரிந்ததும் பிடித்திருந்தது.

ஒன்றே ஒன்று பாக்கி. கடைசி இயந்திரத்துக்கு ஒரு கோளாறு உண்டு. தண்ணீர் முழுக்க வடிவதற்கு முன்பே பச்சை விளக்கு எரிந்துவிடும். ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும்; விளக்கைப் பார்க்க மாட்டார்கள், கதவில் உள்ளங்கையை வைத்து அதிர்வு அடங்கும்வரை நிற்பார்கள். அதிகாரி சுவரில் ஒட்டியிருந்த செய்முறைப் படத்தில் அது இல்லை.

"பச்சை எரிஞ்சா திறந்துடலாம்தானே?" என்று கேட்டாள் பெரியவள்.

"ஆமாக்கா. அதான் படத்துலயே போட்டிருக்கே."

பக்கத்தில் உருளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தாள். பிறகு குனிந்துகொண்டாள். அன்று அவள் விரலைச் சுட்டுக்கொண்டபோது பெரியவளும் தட்டியிருந்தாள்.

பெரியவள் செய்து காட்டும் நாள். அதை வைத்துத்தான் அவள் எந்தப் பக்கம் என்று முடிவாகும். அதிகாரி நாற்காலியில், மற்றவர்கள் அரைவட்டமாக. பெரியவள் தலையை இழுத்து வாரி முடிந்துகொண்டு வந்திருந்தாள். முதல் இயந்திரம் சரி. அடுத்ததும் சரி. அதிகாரி தலையாட்டினார். "கடைசியா அந்த ஓரத்துல இருக்கறதையும் திறந்து காட்டிடுங்கம்மா."

பெரியவள் போய் அதன் முன்னால் நின்றாள். பச்சை எரிந்தது. திரும்பிச் சின்னவளைப் பார்த்து, சரிதானே என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். வாய் திறக்கக் கூடாது என்பது விதி. உள்ளங்கையைச் சும்மா உயர்த்திக் காட்டியிருக்கலாம். அதற்கு விதி எதுவும் இல்லை. சின்னவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓட்டத் தெரிந்த அத்தனை பேரும் அப்படியேதான் நின்றார்கள்.

கதவு திறந்ததும் கொதிப்பு அடங்காத தண்ணீர் அவள் வயிற்றில் மோதியது. துணிகள் வழுக்கி வெளியே விழுந்தன. தண்ணீர் மேசைக்கு அடியில் ஓடி, காலையில் அவளே மடித்துத் தரைப்பலகையில் அடுக்கியிருந்த விரிப்புகளைக் கீழிருந்து நனைத்துக்கொண்டே ஏறியது. பெரியவள் நனைந்த உடையை வயிற்றிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

முதல் தட்டல் சின்னவளுடையது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அது நிற்க நேரமாயிற்று.

"அருமையான பாடம்" என்றார் அதிகாரி. "இதை எப்படித் தவிர்த்திருக்கலாம்? யாராவது சொல்லுங்க."

சின்னவள் முன்னால் வந்து, உள்ளங்கையைக் கதவில் வைத்துக் காட்டினாள். அதிகாரிக்குப் புல்லரித்துவிட்டது. புத்தகத்தில் இல்லாத அறிவு என்றார். அந்த வாரத்துக் 'கற்றல் தோழி' வில்லையை அவள் சட்டையில் தானே குத்திவிட்டார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்கவேண்டிய அவசியமே இல்லை.

திங்கட்கிழமை பெரியவள் அழுக்குப் பக்கம் போனாள். தடித்த கையுறையோடு அவள் மூட்டை பிரிப்பது இயந்திரத்தின் கண்ணாடி வழியே மங்கலாகத் தெரிந்தது. முதல் நாளே வாந்தியெடுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்தும் தட்டல் கேட்டது.

வீட்டில் அவள் எதுவும் கேட்கவில்லை. சண்டைக்கும் வரவில்லை. சின்னவள் எதிர்பார்த்துத் தயாராக வைத்திருந்த பதில்கள் எல்லாம் வீணாயின. ஒரு வாரம் கழித்து, சாயங்காலம், குழந்தை வழக்கம்போலப் பெரியம்மாவின் முன்னால் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தது. சின்னவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏழெட்டு அம்பத்திநாலு."

பெரியவள் குழந்தையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல், கைதட்டினாள்.

குழந்தைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பெரியம்மா இதுவரை அதற்குக் கைதட்டியதே இல்லை. எழுந்து நின்று, இன்னும் சத்தமாகச் சொன்னது: "ஏழெட்டு அம்பத்திநாலு."

மறுபடியும் தட்டினாள். கையுறை போட்டுத் தோல் உரிந்த கைகள்.

"அக்கா" என்றாள் சின்னவள். "நாளைக்கு அவளுக்குப் பரீட்சை."

"தெரியும்."

"தப்பா சொல்றா."

"அதான் தட்டறேன்."

குழந்தை அம்மாவிடம் ஓடி வந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாம்மா? பெரியம்மா எனக்குத் தட்டினாங்க. சரியா சொன்னேன்ல?"

சின்னவள் கத்தியைக் கீழே வைத்தாள். பெரியவள் கைகளை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல், அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.