நாலாவது பாத்தி

என் அண்ணிக்கு ஊர் வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். வைத்தவர்கள் இரண்டு பேர். யூரியா போன்ற மூட்டை உரம் விற்கிற கடைக்காரர் ஒருவர், மாட்டுச் சாணத்தைத் தவிர எதையும் தொடக்கூடாது என்று கூட்டம் போடுகிறவர் மற்றவர். வேறு எதிலும் ஒத்துப்போகாத இந்த ஆசாமிகள் அண்ணியைக் கேலி செய்வதில் மட்டும் கூட்டாளிகள். இருவருமே வாழ்நாளில் ஒரு கத்தரிச் செடி நட்டதில்லை.

அண்ணி நட்டிருக்கிறார், இருபத்திரண்டு வருடமாக. வெறும் மூட்டை உரமாகக் கொட்டியதில் மண் கெட்டிப்பட்டது. கோபத்தில் அதை அடியோடு நிறுத்தியபோது காய் சூம்பிப் போனது. அதற்குப் பிறகுதான் அவருடைய வழியைப் பிடித்தார். மக்கிய தொழு உரம் கடைசி உழவிலேயே மண்ணுக்குள் போய்விடும். நட்டு இருபது நாள் கழித்து யூரியா, முன்பு போட்டதில் பாதிதான். அதையும் வேரிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஈர மண்ணில் புதைப்பார். இரண்டும் ஒரே நாளில் சேரவே சேராது.

பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் பன்னிரண்டு பேர் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிடித்திருந்தால் அவர்களும் இப்படியே செய்வார்கள். அண்ணிக்கு அது பெரிய விஷயம். மூன்று பாத்திக்கு உரம் வைத்து முடித்த அன்று அவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஓடினார்.

நாலாவது பாத்தியை என் அண்ணன் எடுத்துக்கொண்டார். மகா புத்திசாலி. யூரியா, அடுப்புச் சாம்பல், தொழு உரம் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டார். தண்ணீர் ஊற்றியது நான். ஒரு நாள் மூடி வைத்துத் திறந்தபோது கண் எரிந்தது.

"காரத்தைப் பாத்தியா! இதுதான்டா சத்து" என்றார்.

சத்தெல்லாம் நெடியாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. மிச்சத்தைச் செடியின் காலிலேயே ஊற்றினார். இரண்டே நாளில் இலை கருகியது. நான் வாயைத் திறக்கவில்லை. வயது நாற்பது, அண்ணன் என்றால் இன்னும் பயம்.

பெண்கள் வந்த அன்று காலைதான் அண்ணி திரும்பினார். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்.

"இவ சொன்ன மாதிரிதான் கலந்தேன். கருகிப்போச்சு. ரெண்டையும் சேர்த்தா இப்படித்தான்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி செருப்பை மாட்டத் தொடங்கினாள். அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"கொஞ்சம் நில்லுங்க. இந்த மூணும் நான் வச்சது, நல்லாப் பாத்துக்குங்க. அந்த நாலாவதுக்கு உரம் வைக்கும்போது நான் ஊர்லயே இல்ல. எதை எதோட கலந்தாருன்னு அவரையே கேளுங்க."

அண்ணன் வானத்தைப் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"யூரியாவையும் சாம்பலையும் ஒண்ணாக் கரைச்சு மூடி வச்சாரு. அண்ணி அப்படிச் சொல்லவே இல்ல. தண்ணி ஊத்தினது நான்" என்று கத்தினேன்.

செருப்பு மாட்டியவள் அதைக் கழற்றிவிட்டு முதல் பாத்திக்குள் இறங்கினாள். நான் பெரிய காரியம் செய்துவிட்டவனைப் போல அண்ணியைப் பார்த்தேன். அவருடைய கோபம் ஒரு துளியும் இறங்கியிருக்கவில்லை.

"தொட்டியைத் திறந்தப்ப இந்த வாய் எங்க தம்பி போயிருந்துச்சு?"