மூடாத மூக்கு

எல்லைத் தகராறு சூடாக இருந்த சமயம், சத்தியவேடு பக்கம் யார் வீட்டில் என்ன மொழி என்று கணக்கு எழுதப் போனேன். ஊர் ஆந்திராவுக்கா சென்னை ராஜ்யத்துக்கா என்பதே என் பேனாவில்தான் இருப்பதாக நினைப்பு. ஏரிக்கரையில் மடைக் காவல்காரர் அகப்பட்டார். பேச்சில் பாதி தமிழ், பாதி தெலுங்கு. எதைக் கேட்டாலும் இரண்டு கைகளையும் அலகுபோல் வைத்து நாரையைக் காட்டுவார்.

“வீட்டில் என்ன பேசுவீர்கள்?” என்றேன்.

“அத்த வுடுங்க சார். அதோ நத்தகுத்தி நாரை. அது மூக்க மூடினாலும் நடுவுல சந்து இருக்கும். பக்கத்துல மஞ்சமூக்கு நாரை. அதுக்கு நல்லா மூடும். ஆனா மீனு தானா வந்து மாட்டட்டும்னு தண்ணில தொறந்து வெச்சிக்கினே நிக்கும்” என்றவர், பதிலுக்காகக் காத்திருந்த என் வாயைப் பார்த்தார். “உங்கள மாதிரி.”

வாயை மூடிக்கொண்டு கிளம்பினேன். படிவத்தில் அவருடைய மொழிக் கட்டம் காலியாகவே போயிற்று. அவர் தமிழரா தெலுங்கரா என்று இன்றும் தெரியாது. நான் எந்த நாரை என்பது மட்டும் தெரியும்.