சவுரிமுத்துவின் வழியனுப்பு விழாக்கள்

குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளுக்காக இரண்டு நாடுகள் முறைத்துக்கொண்டது எந்தப் பாடநூலிலும் வரப்போவதில்லை. ஆகவே சேலையூர் சவுரிமுத்துவின் சரித்திரத்தை இங்கேயாவது எழுதிவைப்பது கடமையாகிறது.

தாம்பரம் பக்கத்தில் குழந்தைகள் சைக்கிள் செய்யும் சிறிய கம்பெனி. சக்கரம் மட்டும் பக்கத்து நாட்டிலிருந்து வரும். அந்த நாட்டின் பெயர் வேண்டாம். உறவைக் கெடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சண்டை வந்தது. நம்மவர்கள் சக்கரத்தின் மேல் பெரிய வரியைப் போட்டார்கள். பிறகு, பிள்ளைகள் பாவம் என்று தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். விலக்குக்கு அற்பாயுள். கெடு நெருங்கும்போதெல்லாம் ஒருவர் கடற்கரை ரயிலேறி, பாரிமுனை சுங்க ஆபீஸில் காத்துக்கிடந்து, நீட்டித்து வாங்கி வர வேண்டும். அதற்கென்றே வைத்த ஆள் சவுரிமுத்து. விலக்கு போனால் சக்கரம் வராது. சக்கரம் வராவிட்டால் அவருக்கு வேலை கிடையாது. மேனேஜர் தோத்தாத்ரி இதை முதல் நாளே அன்பாகச் சொல்லிவிட்டார்.

முதல் கெடு முடிந்த நாளில் நீட்டிப்பு வரவில்லை. முறைப்படி வழியனுப்பு விழா நடந்தது. பொன்னாடை, சுவர்க்கடிகாரம், போண்டா. தோத்தாத்ரி கண்கலங்கினார். சவுரிமுத்து விக்கி விக்கி அழுதார். கடிகாரத்தை மடியில் வைத்து கேம்ப் ரோடு பஸ்ஸில் போகும்போது தோத்தாத்ரியின் போன் வந்தது.

“சவுரி, எக்ஸ்டெண்ட் பண்ணிட்டா. நாளைக்கு வந்துடுங்கோ. அந்தச் சால்வையையும் எடுத்துண்டு வாங்கோ, கம்பெனி சொத்து.”

“கடிகாரம் சார்?”

“அதையும்தான்.”

அடுத்த கெடுவுக்கும் அதே பொன்னாடை. அதற்கடுத்ததில் போண்டா மட்டும் புதிது. தோத்தாத்ரி, கலங்க வேண்டிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததோடு சரி. சவுரிமுத்துவுக்கு அழுகை நின்றுபோயிருந்தது. வேலை போனாலும் அதே முகம், திரும்பி வந்தாலும் அதே முகம்.

சாயங்காலம் மனைவி கிறிஸ்டினா கதவைத் திறந்து, மழை வருமா என்பதுபோலக் கேட்பாள்.

“இன்னாய்யா, வேல கீதா, பூட்ச்சா?”

“நாளைக்குத்தான் தெரியும்.”

“சோறு கட்டணுமா வேணாவா? அத்தச் சொல்லு மொதல்ல.”

“கட்டு.”

போன மாதம் இரு நாட்டு அமைச்சர்களும் கைகுலுக்கினார்கள். வரியே ரத்து. ஆபீஸ் டிவி முன்னால் எல்லோரும் கைதட்ட, சவுரிமுத்துவும் தட்டினார். லட்டு வந்தது. தோத்தாத்ரி பாதி லட்டோடு அவரை ஓரமாக அழைத்தார்.

“சவுரி, வரியே இல்லேன்னா விலக்கு எதுக்கு?”

“வேணாம் சார்.”

“விலக்கு வேண்டாம்னா...”

“புரியுது சார்.”

சண்டை முற்றினால் வேலை போகும் என்று பயந்துதான் சவுரிமுத்து மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார். சமாதானத்தை மாதா கோயிலில் அவரே வேறு கேட்டிருந்தார்.

விழா நடக்கவில்லை. ஏற்கெனவே பலமுறை நடத்தியாகிவிட்டது என்று ஆபீஸ் கருதியது. பொன்னாடை பீரோவிலேயே இருந்தது. சவுரிமுத்து சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கிறிஸ்டினா கதவைத் திறந்தாள். அவர் கையைப் பார்த்தாள்.

“சால்வ இல்ல. அப்ப வேல கீது.”

அவர் வாயைத் திறந்தார். “குழம்பு காயுது” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

காலையில் டப்பாவை நீட்டினாள். வாங்கிக்கொண்டு தாம்பரத்தில் கடற்கரை ரயில் ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.