சிரட்டையில் வந்த தணல்

"பட்டனை அமத்தினா போதும்மா. யாருகிட்டயும் தீப்பெட்டிகூட கேக்க வேணாம்," என்றாள் மகள். கேம்பிங் போகும்போது தூக்கிச் செல்லக்கூடிய கேஸ் நெருப்புத் தொட்டி ஒன்று வாங்க வந்திருந்தோம். கடைக்காரர் சிறிதும் பெரிதுமாக இரண்டை எடுத்து வைத்து, ஒன்றைப் பற்றவைத்துக் காட்டினார். நீலமாக எழும்பி மஞ்சளாகச் சாய்ந்த சுவாலையில் கடையே மெல்லக் கரைந்துபோனது.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம். எனக்கு எட்டு வயது. விடாத மழையில் தீக்குச்சிகள் நமத்துப்போயிருந்தன. காய்ச்சலில் கிடந்த தம்பி சுடுதண்ணி கேட்டு முனகினான். வரிசை வீடுகளான லயத்தில், பக்கத்து அறையான காம்பிராவில் செல்வி அத்தையின் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆனால் ஒரு கோழியால் வந்த சண்டையில் அம்மாவும் அவளும் பேசி ஒரு மாதம் ஆகியிருந்தது. நடுச்சுவர் கூரையைத் தொடாததால் அவள் வீட்டு ரப்பர் விறகுப் புகை எங்கள் பக்கம் மிதந்து வந்தது.

"பொகைய மட்டுந்தான் அனுப்புவாங்க போல," என்று அம்மா என்னிடம் சொன்னாள், சுவருக்குக் கேட்கும்படி.

"வேணும்னா வாயத் தொறந்து கேக்கச் சொல்லு புள்ள," என்றது சுவர்.

தம்பி மறுபடி முனகினான்.

"கொஞ்சம் நெருப்பு குடுங்க அண்ணி," என்றாள் அம்மா.

தேங்காய்ச் சிரட்டையில் தணலை வைத்து, முந்தானையால் மழைக்கு மறைத்துக்கொண்டு அத்தையே வந்தாள். அவளே குனிந்து ஊதினாள். அடுப்பு பற்றியதும், "அந்தக் கோழி இன்னும் உசுரோடதான் இருக்கா?" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள்.

"எதம்மா எடுக்கிறது?" மகளின் குரல் என்னைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தது.

நான் பெரியதைக் காட்டினேன்.

"நாம மூணு பேருதானே?"

"பக்கத்து டென்ட்காரங்க எங்க போய்க் குளிர் காய்வாங்க?" என்றேன்.