ராகி மூட்டைக்கு எதிர்த்தட்டில்

எனக்கு ஆறு வயது, என் தம்பிக்கு நான்கு. பள்ளிக்கூடத்தில் முதலில் சேர்ந்தவன் அவன்தான். இந்த அநியாயத்தை எழுதாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

அப்பா நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து எங்களை அழைத்து வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. சுரங்கத் தொழிலாளர் குடியிருந்த லைனில் புதிதாக ஒரு பள்ளிக்கூடம். பிறந்த தேதி அப்போது யாருக்குத் தெரியும்? வாத்தியார் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். அரிசிக் கடையிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசைக் கேட்டு வாங்கி உத்திரத்தில் கட்டினார். ஒரு தட்டில் ஒன்றரை மணங்கு ராகி, இன்றைய கணக்கில் பதினேழு கிலோ; மறு தட்டில் பிள்ளை. ராகி மேலே எழும்பினால் பிள்ளைக்கு இடம் உண்டு.

"நோஞ்சான் புள்ளைங்க மத்தியானத்துல மயங்கி உழுந்தா வூட்டுக்குத் தூக்கினு போறவன் நான்தானே?" என்பார்.

தம்பி உட்கார்ந்ததும் ராகி மூட்டை துள்ளி எழுந்தது. அவனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. களி மட்டும் தெரியும். எனக்கு நூறு வரை எண்ணத் தெரியும். ஆனால் நான் உட்கார்ந்தபோது மூட்டை அசையவே இல்லை. இரண்டு வாரம் களியாகத் தின்றுவிட்டு மறுபடி போனேன். அப்போதும் ராகியைவிடக் கொஞ்சம் எடை குறைவாகவே இருந்தேன். தம்பி பலகையைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. கோபத்தில் சோறு வேண்டாம் என்றேன். எடை குறைந்த பிள்ளை செய்யக்கூடாத காரியம் அது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் முறை புறப்பட்டபோது, கல் ஏற்றிய டிராலிகள் போகும் பாதையோரம் பொறுக்கிய வெள்ளைக் கற்களைத் துணியில் முடிந்து, பாவாடைக்குள் என் இடுப்பில் கட்டிவிட்டாள்.

என் தட்டு தாழ்ந்தது. வாத்தியார் பதிவேட்டைத் திறந்தார். நான் சந்தோஷத்தில் குதித்து இறங்கினேன். முடிச்சு அவிழ்ந்து கற்களெல்லாம் தரையில் உருண்டன.

யாரும் சிரிக்கவில்லை. தன் மகனை எடை போட அங்கே நின்றிருந்தவர் சுரங்கத்துக் காவல்காரர். கற்களோ மினுமினுத்தன. தங்கம் கலந்த கல் ஒன்று கையில் அகப்பட்டாலும் திருட்டுதான். அப்பாவுக்கு வேலையும் போகும், வீடும் போகும். லைனில் எல்லாருக்கும் தெரிந்த இந்த விஷயம் புதிதாக வந்த அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்ற ஒருத்தி காதில் சொன்னதும் அம்மாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னாம்மா இது?" காவல்காரர் குனிந்து பொறுக்கினார். "ஏழு கல்லு. ஏழும் ஆபீசுக்குப் போவணும்."

"எட்டுங்க," என்றேன். "ஒண்ணு உங்க கால் கீழ கீது."

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காவல்காரர் காலைத் தூக்கினார். எட்டாவது கல் இருந்தது. அதை வெயிலில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் திடீரென்று சிரித்துவிட்டார்.

"வெறும் காக்காப்பொன்னு, தங்கமில்ல. திருடற வூட்டுப் பொண்ணு கணக்கு சொல்லிக் குடுக்குமா?"

கற்களை வெளியே வீசினார். வாத்தியார் என்னை மறுபடி தட்டில் ஏற்றவில்லை.

"எழுபத்தொம்பதுக்கு அப்புறம் இன்னா?"

சொன்னேன். பெயரை எழுதிக்கொண்டார்.

"ஏழுன்னா ஏழுன்னு உட்டுட வேண்டியதுதானேடி!" என்று வழியெல்லாம் அம்மா என் தலையில் குட்டினாள். வீட்டு வாசலில் அதே கையால் என் தலையைத் தடவினாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. மறுநாள் தம்பிக்கு முன்னால் எனக்குத் தலை வாரிவிட்டாள்.

அன்று மத்தியானம் வகுப்பில் தம்பி குறட்டை விட்டுத் தூங்கினான். எத்தனை உலுக்கியும் எழுந்திருக்கவில்லை. வாத்தியார் அவனைப் பார்த்தார், அவன் வயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

வீடு வரைக்கும் அவனைத் தூக்கிக்கொண்டு போனது நான்தான்.